ஆக்ஸிலியா கட்டிய முக்கோணம்

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் ஆக்ஸிலியாவுக்கு ஒரே பைத்தியம். திரையில் படம் வரையும் சர்க்யூட்டைத் தானே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும் என்று விட வேண்டும். ஊரே ஹோம்ஸ்டே கட்டிக்கொண்டிருக்க, இவள் திரையில் சுற்றும் முக்கோணம் கட்டினாள். கம்ப்யூட்டருக்குள் ஒத்திகையாக அந்தச் சர்க்யூட் ஓடியது. நிஜத்தில் ஓட்டிப் பார்க்க எஃப்.பி.ஜி.ஏ போர்டு வேண்டும். எழுதிக் கொடுக்கும் சர்க்யூட்டாகவே மாறிக்கொள்கிற சிப்பு அதில் இருக்கும்.

மழையில் நெட் வருவதும் போவதுமாக இருக்க, தேடித் தேடிக் கட்டுப்படியான ஒன்றைப் பிடித்தாள். சின்னச் சிப்புதான். ஆனால் மானிட்டர் வயரை நேராகச் செருகலாம், 'ஓபன்' என்கிற இலவச மென்பொருளே போதும். வாங்குமுன் கந்தவேலிடம் ஒரு வார்த்தை கேட்டாள். கல்லூரித் தோழன், பழனிக்காரன், கோயம்புத்தூரில் சிப்பு கம்பெனியில் வேலை. கேட்காமல் இருந்திருக்கலாம், பாவி மகள்!

"அது பத்தாது ஆக்ஸி. எங்கிட்ட பெருசே சும்மா கெடக்கு, அதே வெலைக்குத் தாரேன்."

"ஓபன்தானே வேலு?"

"ஓபன்தான், ஓபன்தான். ஒன் டிசைனையும் வெரசா அனுப்பு. அதுல ஓடுமான்னு பாத்துச் சொல்றேன்."

பணத்தையும் அனுப்பினாள், டிசைனையும் அனுப்பினாள்.

போர்டு வந்தது. அவன் ஓபன் என்றது பெட்டியை! ஏற்கெனவே பிரித்து, டேப் ஒட்டிய பெட்டி. அந்தச் சிப்புக்கு, அதைச் செய்த கம்பெனி காசுக்கு விற்கும் மென்பொருள்தான் ஆகும், அதன் லைசென்ஸோ எப்போதோ முடிந்திருந்தது. போன் போட்டால் எடுக்கவில்லை. ஏதாவது சோலியாக இருப்பான் என்று இவளே அவனுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டாள்.

மறுவாரம் கந்தவேல் ஒரு வீடியோ போட்டான். அவன் மேஜையில் அவள் தேர்ந்தெடுத்த அதே சின்ன போர்டு. மானிட்டரில் முக்கோணம் சுற்றுகிறது. இடது ஓரத்தில் ஒரு புள்ளி விட்டு விட்டு மறைகிறது. அவள் இன்னும் திருத்தாத பிழை அது. 'என் முதல் கிராபிக்ஸ் சிப்பு' என்று தலைப்பு, கூடவே போட்டிருந்த டிசைனின் முதல் வரியில் அவன் பேர், கீழே ஏகப்பட்ட பாராட்டு.

பக்கத்து டீச்சரின் போனிலிருந்து கூப்பிட்டாள். எடுத்தான். வீடியோவைப் பற்றிக் கேட்டாள்.

"ஒன் டிசைன் ஓபன்னு நீதான சொன்ன? யாரு வேணா எடுக்கலாம்ல?"

"எடு. எடுக்கத்தான் எழுதுனேன். மொத வரியில எம் பேரு இருந்துச்சே, அத எதுக்குடா அழிச்ச?"

இப்போது அவனே ஏதோ சாக்குச் சொல்லத் தொடங்கினான்.

"அது ஓடுனா மொத ஆளா ஒனக்குத்தான் காட்டணும்னு இருந்தேன் வேலு," என்றாள். குரல் உடைவதை அவன் கேட்டுவிடக் கூடாதென்று போனை வைத்துவிட்டாள்.