ஆறு வேலையை விட்டு ஒரு வேலை

பிள்ளைப்பாக்கம் மாதர் சங்கத்துக்குச் சரோஜா செயலாளராக வந்தபோது, சங்கம் ஆறு வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. தையல் வகுப்பு, கண் சிகிச்சை முகாம், இலவச நோட்டு, மரக்கன்று, பொங்கல் விளையாட்டு, கோலப்போட்டி. எல்லாவற்றுக்கும் போட்டோ இருந்தது. அவற்றால் யாருக்கு என்ன பயன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பால்வாடி ஆயாவான சரோஜாவுக்கு அது உறுத்தியது.

1991 தை மாதம் வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டாள்.

"நாளைக்கே சங்கத்த மூடிட்டா உங்களுக்கு இன்னா கொறையும்?"

பலர் சிரித்து மழுப்பினார்கள். கன்னியம்மா மட்டும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"கோச்சிக்காத சரோஜா. ஒண்ணும் கொறையாது. எட்டாவதோட எம் பொண்ண நிறுத்திட்டேன். ஸ்ரீபெரும்புதூர் ஐஸ்கூலுக்குத் தனியா எப்டி அனுப்பறது? யார்னா தொணைக்குப் போனா அனுப்பியிருப்பேன்."

மற்ற வீடுகளிலும் விசாரித்தாள். அப்படி நின்ற பெண்கள் இருபத்து மூன்று பேர்.

அடுத்த கூட்டத்தில், மூன்று வருடத்துக்கு மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு, பெண்களைப் பத்தாவது எழுதவைக்கும் வேலையை மட்டும் செய்வோம் என்றாள் சரோஜா. தையல் வகுப்பைத் தொடங்கி ஒன்பது வருடம் நடத்தியவர் தலைவி தாயாரம்மாள். அவர் முகத்தைப் பார்க்கவே சரோஜாவுக்குப் பயமாக இருந்தது.

"அப்போ மொதல்ல என் கிளாஸ மூடு," என்றார் தாயாரம்மாள். "காலைல பொண்ணுங்களோட நான் நடக்கறேன். சாயங்காலம் நீ போய் இட்டுகினு வா."

ஜூனில் பதினொரு பெண்கள் ஒன்பதாவதில் சேர்ந்தார்கள். கன்னியம்மாவின் மகள் மஹாலட்சுமியும் அதில் ஒருத்தி. ஐப்பசி மழையில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். சரோஜா அவர்கள் வீடுகளுக்குப் போனாள். ஏரிக்கரையில் முழங்கால் சேறு என்றார்கள். மறுநாளிலிருந்து தாயாரம்மாள் அரை மணி முன்னதாகக் கிளம்பி, தார்ச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். நால்வரும் திரும்பி வந்தார்கள். ஏழு முறை மனு கொடுத்ததில், மறு வருடம் காலை எட்டு மணிக்கு ஒரு பஸ்ஸும் வந்தது.

1993இல் ஒன்பது பேர் பத்தாவது தேறினார்கள். ரிசல்ட் வந்த அன்று சரோஜா தாயாரம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"அன்னிக்குக் கூட்டத்துல நீங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் எழுந்து போயிருப்பேன்க்கா," என்றாள்.

தாயாரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டினார்.

"ரெண்டு பொண்ணுங்க பாஸாவலயே, அழுதுகினு இருக்கும். வா, அதுங்க வூட்டுக்குப் போலாம்."