தொப்புளைச் சுற்றிய சாலைகள்

உயிர் ஆபத்தில் இருக்கும் நோயாளியை முதலில் வெளியூர் வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டும், அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது ஆஸ்பத்திரி விதி. வெள்ளைக்காரன் எழுதியது. பிறகு ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் அதை ரத்து செய்யவில்லை. அப்படியொன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. பினாங்கில் அந்த ஆஸ்பத்திரியில் நான் அப்போது குமாஸ்தா.

என் தங்கை மகளுக்கு ஆறு வயது. வயிற்றின் இடப்பக்கம் வீங்கியிருந்தது. தோலுக்கடியில் நீல நரம்புகள். அவற்றுக்கு அவள் ஊர்ச் சாலைகளின் பெயர் வைத்திருந்தாள்.

"மாமா, இது டத்தோ கிராமாட் ஜாலான். இது ஆயர் ஈத்தாம் பஸ் போறது."

"தொப்புள்?"

"அது பாசார்லா, சந்தை. இதுகூடத் தெரியாதா?"

மண்ணீரல் வீங்கினால் மலேரியா என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். கிடைத்த கொயினா மாத்திரையையெல்லாம் கொடுத்தோம். கசந்ததுதான் மிச்சம். ஒரு காலையில் இரத்தமாக வாந்தி எடுத்தாள். அப்போதுதான் வார்டு டாக்டர் அந்த நரம்பொன்றை இரு விரல்களால் அழுத்தி, ஒரு விரலை எடுத்துப் பார்த்தார். நரம்புக்குள் இரத்தம் தொப்புளைவிட்டு விலகி வெளிப்பக்கமாக ஓடியது.

குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் பிறப்பிலேயே சரியாக அமையவில்லை என்றார். வழியில்லாத இரத்தம் கிடைத்த சந்தில் புகுந்து, உணவுக்குழாயில் உடைகிறது. மண்ணீரலை எடுத்தால் கொஞ்ச காலம் தாங்கலாம். அதைச் செய்யக்கூடியவர் கடலுக்கு அந்தப்பக்கம் ஈப்போவில் இருந்தார். ஆஸ்பத்திரி முத்திரையிட்ட கடிதம் இருந்தால் படகுத்துறைக் காவலன் விட்டுவிடுவான்.

கடிதத்தைத் தட்டச்சு செய்து நீட்டினேன். தலைமைக் குமாஸ்தா முத்திரையை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

"பழைய ரூல் இன்னும் செல்லுமான்னு மேல கேட்டிருக்கேன் தம்பி. தலை போற காலம்லா இது."

"கேக்காமலே அனுப்பியிருக்கலாமேண்ணே."

"எழுதியாச்சே!"

அதோடு முடிந்தது. கேட்காதவரை விதி உயிரோடிருந்தது. கேட்டுவிட்டால் பதில் வரும்வரை எதுவும் நகரக்கூடாது, அதுவும் விதிதான்.

"பதில் வந்துச்சாண்ணே?" என்று தங்கை தினமும் வாசலிலேயே கேட்டாள். தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். மறுபடி வாந்தி எடுத்தபோது குழந்தை வாளியை எட்டிப் பார்த்து, "பாசார்ல வெள்ளம் மாமா" என்றாள். மார்கழி முடியுமுன் போய்விட்டாள்.

துக்க வீட்டார் அந்த வருஷம் மலையேறக்கூடாது. இந்த விதி இன்னும் செல்லுமா என்று யாரும் மேலிடத்தில் கேட்கவில்லை. தெருவில் காவடிகள் போக, தங்கை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் அலுவலகத்துக்கு அன்று விடுமுறை இல்லை. மேலிடத்திலிருந்து வந்த பதில் இரண்டே வரி: பழைய விதி செல்லும், கேட்டிருக்கத் தேவையில்லை. வந்துசேர்ந்த நாள், தைப்பூசம்.