டாக்டரம்மா வண்டிக்கு டீசல் இன்ஜின் ஏற்றிய கதை

1. ஓடைக்கு நடுவில்

டாக்டர் ரேவதி எனக்கு முதன்முதலாகப் போன் செய்தபோது முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"ஜூஜுவாடி ஒர்க்‌ஷாப் முருகேசண்ணன்தானே? வண்டி ஓடைக்கு நடுவுல நின்னுடுச்சுண்ணா. செல்ஃப் அடிச்சா சுத்துது, ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. மேல ஒரு வீட்ல மாடு கன்னு போட முடியாம கெடக்குது. நான் நடந்து போறன். நீங்க வந்து வண்டிய மட்டும் எடுத்துடுங்க. சாவி சீட்டு மேல இருக்குது."

எந்த ஓடை என்று கேட்டு வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் அஞ்செட்டி மலைப்பக்கம் கால்நடை மருத்துவர். நான் ஓசூரில் ஒரு கம்பெனியின் இன்ஜின் அசெம்பிளி லைனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, கர்நாடக எல்லையை ஒட்டி சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டவன். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தால் பழைய பெட்ரோல் எஸ்.யு.வி. உருவம் யானை மாதிரி. பானட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர்த் துளிகள். பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும். இந்தப் பழைய ரகத்தில் அந்த மூடிக்குள் ஈரம் புகுந்தால் பொறி வராது. துடைத்துக் காயவைத்தால் ஓடும். அடுத்த ஓடையில் இறங்கினால் திரும்பவும் நிற்கும்.

வண்டியைக் கரையேற்றி வைத்திருந்தேன். டாக்டர் மலையிலிருந்து இறங்கி வந்தார். புடவை முழங்கால் வரைக்கும் சேறு.

"மாடு பொழச்சிக்கிச்சு. கன்னு செத்துப்போச்சு. கொஞ்சம் முன்னாடி போயிருந்தா ரெண்டுமே இருந்திருக்கும்."

அஞ்செட்டி வந்த பிறகுதான் கேட்டார்: "அண்ணா, இதுக்கு டீசல் இன்ஜின் போட முடியுமா?"

2. முதலில் நான் சொன்ன பதில்

முடியும், ஆனால் வேண்டாம் என்றேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் முதல் பதில் அதுதான். டீசல் இன்ஜின் எடை அதிகம். முன் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ், கிளட்ச், ரேடியேட்டர், டேங்க்கிலிருந்து டீசல் போய்த் திரும்பும் லைன், வயரிங் எல்லாம் மாறும். இவ்வளவு தொல்லைக்கு இதை விற்றுவிட்டு ஒரு டீசல் வண்டியே வாங்கிவிடலாம்.

"இது அப்பா வண்டிண்ணா. விக்க வுட மாட்டாரு."

"இன்ஜின மட்டும் மாத்த வுடுவாராம்மா?"

"அதுக்கும் வுட மாட்டாரு. அதனாலதான் உங்கள வீட்டுக்குக் கூப்பிடறன்."

ராயக்கோட்டை சாலையில் அவர்கள் வீடு. அப்பா பெயர் மாதப்பன். ரிட்டயர்டு பஸ் டிரைவர். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று காலமெல்லாம் டீசல் பஸ் ஓட்டியவர். ரிட்டயர் ஆனதும் தேடிப் பிடித்து இந்தப் பெட்ரோல் வண்டியை வாங்கியிருக்கிறார். பெரிய வண்டி வேண்டும், ஆனால் சத்தம் கூடாது என்பது அவர் கணக்கு.

"ஸ்டார்ட் ஆயிருக்குதா இல்லியான்னே தெரியாது. பானட் மேல கை வெச்சுப் பாக்கணும்" என்றார். பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. "அதுல போயி டீசல் இன்ஜின வெக்கணும்ங்கறீங்களே. கேக்கறதுக்கே நல்லால்ல."

நான் பேச வாயெடுத்தேன். டாக்டர் முந்திக்கொண்டார்.

"அப்பா, அந்தக் கன்னு செத்ததுக்கு அந்த வீட்டம்மா என்னை ஒண்ணுமே கேக்கல. அவ்ளோ தூரம் நடந்து வந்திருக்கீங்களேன்னு கால் கழுவத் தண்ணி குடுத்தாங்க. அதான் எனக்குத் தாங்கல."

மாதப்பன் அய்யா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போய் வண்டிக் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"பண்ணிக்கோ. ஆனா நான் அதுல ஏற மாட்டன்" என்றார், எங்களைத் திரும்பிப் பார்க்காமல்.

3. இறக்குவதும் ஏற்றுவதும்

இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் மாற்றும் வேலையில் முதல் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். வேலை முடிந்தபின் வண்டியைக் காட்டி, இன்ஜின் நம்பரையும் எரிபொருளையும் ஆர்.சி.யில் மாற்றிப் பதிய வேண்டும். இதைத் தாண்டிப் போனால் இன்ஷூரன்ஸ் செல்லாது. எங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. இதே மாடலை கம்பெனியே டீசலிலும் விற்றிருந்தது. அந்த ரக இன்ஜினையே போடுகிறோம் என்று விண்ணப்பித்தோம். அலைந்தோம், கிடைத்தது.

அனுமதி வந்த பிறகு குந்தாரப்பள்ளிப் பக்கம் ஒரு பழைய வண்டி யார்டில், பின்னால் அடிபட்ட டீசல் வண்டி ஒன்றைப் பிடித்தேன். இன்ஜினுக்குச் சேதமில்லை. கியர்பாக்ஸும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். பம்ப், டர்போ இரண்டும் பழைய மெக்கானிக்கல் ரகம். கம்ப்யூட்டர் பெட்டி இல்லாததால் வயரிங்கில் பாதி வேலை குறைந்தது.

சேஸிஸில் இன்ஜின் உட்காரும் பிராக்கெட் இரண்டு வண்டிக்கும் வேறு வேறு. அதை வெட்டி வெல்டு வைக்க அத்திப்பள்ளியிலிருந்து நஞ்சுண்டப்பா வந்தார். கன்னடக்காரர், எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை பாதித் தமிழ், பாதிக் கன்னடம், மிச்சம் கை ஜாடை. அவர் வெல்டு வைத்த இடம் உடைந்து நான் பார்த்ததில்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஏற மாட்டேன் என்று சொன்ன மாதப்பன் அய்யா தினமும் பஸ் பிடித்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். பெட்ரோல் இன்ஜினை செயின் பிளாக்கில் கோர்த்துத் தூக்கிய அன்று, அது வெளியே வரும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"மெதுவா, மெதுவா. ஆடுது பாரு."

"ஏனு ஆகல்லா, சுவாமி" என்றார் நஞ்சுண்டப்பா. "ஒண்ணும் ஆவாது. உங்க மகளுக்குக் கல்யாணம் பண்ணப்போ இவ்ளோ பயந்தீங்களா?"

"அப்பக்கூட இல்லய்யா" என்றார் அவர். சிரிக்கவில்லை.

பிரேக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரேக்கை மிதிக்கும்போது நம் காலுக்கு உதவுவது பூஸ்டர். பெட்ரோல் இன்ஜின் காற்றை இழுக்கும் வேகத்திலேயே பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது. தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். இதை மறந்துவிட்டு இறக்கத்தில் போனால் பெடல் கல்லாக நிற்கும். வேலை முடிந்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர் என்னிடம் முதலில் கேட்டதும் இந்தப் பம்ப் எங்கே என்றுதான்.

4. சாவியை எடுத்தும் நிற்காத இன்ஜின்

ஸ்டார்ட் செய்யும் நாள் வந்தது. டாக்டர் டியூட்டியில் இருந்தார். நான் பானட்டுக்குள் குனிந்து டீசல் லைனில் இருந்த காற்றை எடுத்துக்கொண்டிருந்தேன். நஞ்சுண்டப்பா ஃபயர் சிலிண்டரோடு ஓரமாக நின்றார். சாவி போட ஆள் வேண்டும்.

"அய்யா, நீங்க கொஞ்சம் உக்காந்து செல்ஃப் அடிக்கறீங்களா?"

யோசித்தார். "ஓட்டறதுக்கு இல்ல, சாவி போடறதுக்குத்தான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஏறினார்.

இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஐட்லிங் நன்றாக இருந்தது. நான் நிமிர்ந்து நஞ்சுண்டப்பாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அந்த நேரத்தில் சத்தம் ஏற ஆரம்பித்தது. யாரும் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. ஏறிக்கொண்டே போனது. சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை ஒர்க்‌ஷாப்பை மூடியது.

"ஆஃப் பண்ணுங்க."

"சாவி என் கையில இருக்குதுய்யா" என்று கத்தினார்.

விஷயம் புரிந்துவிட்டது. யார்டில் ரொம்ப நாள் சும்மா கிடந்த இன்ஜின். டர்போவின் ஆயில் சீல் போய்விட்டது. இன்ஜின் தன் சொந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து ஓடுகிறது. டீசல் லைனை மூடினாலும் பயனில்லை. ஒரு வழி, காற்றை அடைப்பது. பலகையை எடுத்து ஏர் ஹோஸ் வாயில் அழுத்தினேன். அழுத்திய வேகத்தில் டர்போவுக்குப் பக்கத்தில் ஹோஸே கிளிப்பிலிருந்து பிய்த்துக்கொண்டது. அந்த இடத்துக்குள் கை போகாது. போனால் கை இருக்காது. இன்னும் கொஞ்சம் விட்டால் கனெக்டிங் ராட் இன்ஜின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதற்கு எதிரில் நான் நிற்கிறேன்.

"முன்னாடி யாரும் நிக்காதீங்க, தள்ளிப் போங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் குதித்து விலகினேன். மாதப்பன் அய்யா கிளட்சை மிதித்து டாப் கியரில் போட்டார். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தார். வலது காலால் பிரேக்கை நின்று அழுத்திக்கொண்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தார். வண்டி முழுசும் ஒரு தடவை எகிறியது. தரை அதிர்ந்தது. பிரேக் பிடித்த சக்கரங்களைச் சுற்ற முடியாமல் இன்ஜின் மூச்சு அடைத்துப்போய் நின்றது.

கொஞ்ச நேரம் எங்களுக்குக் காதில் எதுவும் விழவில்லை. புகைக்குள்ளிருந்து அவர் இறங்கி வந்தார். நஞ்சுண்டப்பா அவர் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"பர்கூர் பக்கம் ஒருக்கா பஸ்ஸுக்கு இப்பிடி ஆச்சு. உள்ள அம்பது அறுவது பேரு. இதே மாதிரிதான் நிறுத்துனன்." தண்ணீர் குடித்துவிட்டு மகளுக்குப் போன் போட்டார். "ஒண்ணுமில்ல பாப்பா. இன்ஜின் நல்ல ஜோரா இருக்குது. கொஞ்சம் அடங்க மாட்டேங்குது, அவ்ளோதான்."

அவர் அந்த இன்ஜினைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

5. இடது காது

டர்போவைக் கழற்றி ரீகண்டிஷனுக்கு அனுப்பினேன். இன்ஜின் பேரிங்கையும் திறந்து பார்த்தேன், தப்பித்திருந்தது. அந்த இடைவெளியில் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மாதப்பன் அய்யாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்து நான் ஏதோ கேட்டேன். பதிலே வரவில்லை. திரும்பக் கேட்டேன். அப்போதுதான் முகத்தைத் திருப்பினார்.

"இந்தப் பக்கம் வந்து பேசுப்பா. அந்தக் காது கேக்காது. பஸ்ஸுல இன்ஜின் டிரைவருக்கு இடது கைப்பக்கமே இருக்கும். அந்தக் காத அதுக்கே குடுத்துட்டன்." டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னொரு காது மிச்சம் இருக்குது. பாப்பா பேசறத அதுலதான் கேக்கறன். அவளுக்கும் இப்பிடி ஆயிடக் கூடாது பாரு. தினமும் அவதானே ஓட்டப்போறா."

இத்தனை நாள் இந்த மனிதர் டீசலை வெறுப்பதாக நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே நஞ்சுண்டப்பாவைக் கூப்பிட்டு, பிராக்கெட்டை வெட்டச் சொன்னேன். இன்ஜினைத் தாங்க நாங்கள் போட்டிருந்தது லோடு வண்டிக்குப் போடும் கெட்டியான மவுண்டிங். உறுதிதான், ஆனால் அதிர்வு முழுவதையும் பாடிக்குள் அனுப்பிவிடும்.

"நான் வெச்ச வெல்ட நானே கட் பண்ணணுமா? பேடா சார், வேணாம்."

காரணத்தைச் சொன்னேன். கட்டிங் மெஷினை எடுத்தார். கம்பெனி ரப்பர் மவுண்டிங் உட்காரும்படி புது பிராக்கெட் செய்தார். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டிலும் தரையிலும் கனமான ஃபெல்ட் ஷீட் ஒட்டினோம். கியர் லீவர் ஓட்டைக்கு இரட்டை ரப்பர் உறை. வயர் நுழைகிற ஓட்டைகளையெல்லாம் அடைத்தோம். சத்தம் தண்ணீர் மாதிரி. சின்ன ஓட்டை கிடைத்தாலும் வந்துவிடும். ஏர் இன்டேக்கையும் குழாய் வைத்து உயரத்தில் ஏற்றினேன். டீசலுக்குத் தண்ணீர் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். காற்றோடு தண்ணீரும் உள்ளே போனால் ராடே வளைந்துவிடும்.

மாதப்பன் அய்யா கேபினுக்குள் உட்கார்ந்து, வலது காதைத் தகட்டில் வைத்து, "இங்க வருது... இங்க இன்னும் வருது" என்று காட்டிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் நான் ஃபெல்ட் வைத்தேன்.

6. மலைக்கு

ஆர்.சி. கைக்கு வந்த பிறகு முதல் மலைப்பயணத்துக்கு டாக்டர் என்னையும் கூப்பிட்டார். டூல்பாக்ஸோடு பின் சீட்டில் உட்கார்ந்தேன். டாக்டர் ஸ்டீயரிங்கில். முன் சீட்டில் மாதப்பன் அய்யா. ஏற மாட்டேன் என்று சொன்னதை நாங்கள் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஓடையில் தண்ணீர் பழுப்பாக ஓடியது. டாக்டர் கரையில் நிறுத்தி, ஃபோர் வீல் போட்டு, அப்பாவைப் பார்த்தார்.

"கியர மாத்தாத. ஒரே சீரா போ. நடுவுல கால எடுத்துடாத."

"தெரியும்ப்பா. நீ சும்மா இரு."

தண்ணீர் பம்பர் மேல் ஏறியது. இன்ஜின் குரல் மாறவேயில்லை. அக்கரையில் சக்கரம் கல்லைப் பிடித்து ஏறும்போதுதான் நான் பிடித்திருந்த கைப்பிடியை விட்டேன்.

அன்றைய கேஸும் கன்று போட முடியாத மாடுதான். கன்றின் கால் மடங்கியிருந்தது. டாக்டர் தோள்வரை கையை விட்டுத் திருப்பினார். அவர் சொன்னபோதெல்லாம் வீட்டுக்காரரும் நானும் கன்றின் காலில் கட்டிய கயிற்றை இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்து, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. டாக்டர் மூக்கைத் துடைத்து வைக்கோலால் தேய்த்தார். தும்மியது. மாதப்பன் அய்யா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். அங்கே அடுப்பு எதுவும் எரியவில்லை.

திரும்பும்போது நல்ல வெயில். தளி ரோட்டுக்கு வந்த பிறகு டாக்டர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, பேசாமல் முன் சீட்டைக் காட்டினார். மாதப்பன் அய்யா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தலை வண்டியின் ஆட்டத்துக்குத் தகுந்தபடி ஆடியது.

"சின்ன வயசுலருந்து பாக்கறன்ண்ணா" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "எந்த வண்டியில ஏறினாலும் ரோட்டயே பாத்துக்கினு வருவாரு. வேற யார் ஓட்டினாலும் அவரு கால் பிரேக்க மிதிச்சிக்கினே இருக்கும். தூங்கி நான் பாத்ததேயில்ல."

அசெம்பிளி லைனில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகி லீக் இல்லாமல் ஓடினால் வேலை முடிந்தது என்று. அது லைனுக்குச் சரி. இப்போது இன்ஜின் மாற்ற யாராவது வந்தால் குதிரைத்திறனையும் மைலேஜையும் பிறகு பேசுவோம் என்று சொல்லிவிட்டு, வண்டியில் யார் யார் ஏறுவார்கள், யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று கேட்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்கள் வீட்டு ஆட்களையும் ஒருநாள் ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்து வரச் சொல்கிறேன்.

அன்று டாக்டர் அதற்குப் பிறகு ஓசூர் வரை வேகத்தைக் கூட்டவேயில்லை. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போயின. மாதப்பன் அய்யா எழுந்திருக்கவில்லை.