ரோமாபுரியில் பக்கத்துப் படிக்கட்டு

ரோமாபுரியைப் பார்க்க ஆசைப்பட்டவள் என் மனைவி. பார்த்துவிட்டு வந்தவன் நான். இதை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. எனக்கு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. ஞாயிறு பூசையில் நான் கடைசி வரிசை ஆள். பிரசங்கம் நீண்டால் கண் சொக்கிவிடும். அவள் பங்குப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவள். கன்னியர் மடத்தில் கிடந்த ஒரு படப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ரோமாபுரியின் தெருக்களையே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் எந்த நீரூற்று என்று கேட்டால், மீன் சந்தைக்கு வழி சொல்வது மாதிரி சொல்வாள்.

ஜூபிலி வருடத்தில் அங்கே ஒரு யாத்திரைக் கூட்டம் புறப்பட்டது. செலவை வெளிநாட்டுப் புண்ணியவான்கள் ஏற்றுக்கொண்டார்கள். பங்குச் சாமியார் அவளுக்கு ஓர் இடமும், துணைக்கு எனக்கு ஓர் இடமும் வாங்கித் தந்தார். எனக்குப் பாஸ்போர்ட் வந்தது. அவளுக்கு வரவில்லை. என் அப்பா காலாகாலத்தில் அலைந்து குடியுரிமை அட்டை வாங்கியவர். அவள் அப்பா, இங்கேயே பிறந்தவனுக்கு அட்டை எதற்கு என்று இருந்துவிட்டவர். அதனால் இதே ஊரில் பிறந்தும் அவளிடம் இருந்தது வெளிநாட்டவர் பதிவுச் சீட்டுதான். அதை வைத்துக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போவதற்கே அனுமதி கேட்க வேண்டும். அவள் பார்த்த வெளியூர், பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் தன்லியின் என்ற ஊர் ஒன்றுதான்.

"அப்ப நானும் போகல" என்றேன். நிஜமாகவேதான் சொன்னேன்.

"நல்லாருக்கே! கெடச்ச எடத்த யாராவது விடுவாங்களா? எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்யணும்ங்க" என்றாள்.

அவள் சொன்னது பரிசுத்தப் படிக்கட்டை. பிலாத்துவின் அரண்மனையில் சேசுநாதர் ஏறிய படிகள் அவை, எருசலேமிலிருந்து கொண்டுவந்தவை என்பது நம்பிக்கை. இருபத்தெட்டுப் படிகள். கால் வைக்கக் கூடாது. முட்டி போட்டுத்தான் ஏற வேண்டும். அட்டை கேட்டு அவள் மறுபடியும் விண்ணப்பம் போட்டிருந்தாள். அது கிடைக்க வேண்டும் என்று படிக்கு ஒரு பரலோக மந்திரம் சொல்லி நான் ஏற வேண்டும்.

கொலோசியத்தைப் பார்த்ததும், இவ்வளவு பெரிய இடிபாட்டை இன்னும் அப்புறப்படுத்தாமல் விட்டிருக்கிறார்களே என்றுதான் பட்டறைக்காரன் புத்திக்கு முதலில் தோன்றியது. பிறகு அந்த வளைவுகளுக்குள் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பாந்தியோன் கோயிலில் கூரை நடுவில் வட்டமாக ஒரு திறப்பு. மழை உள்ளேயே பெய்யுமாம். தரையில் சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் அதில்தான் வடியும், மறக்காமல் பாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தாள். குனிந்து பார்த்தேன், இருந்தன. ட்ரெவி நீரூற்றின் முன்னால் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு குதூகலமாக இருந்தது. அரை நாள் அவள் நினைப்பே வரவில்லை. வந்தபோது, திருடித் தின்றவன் மாதிரி அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் படிக்கட்டுக்குப் போனோம். பளிங்கின் மேல் மரப்பலகை பதித்திருந்தார்கள். ஜனங்கள் முட்டி போட்டு நத்தை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தார்கள். முடியாதவர்கள் பக்கத்துப் படிக்கட்டில் நடந்தே ஏறலாம் என்றார் வழிகாட்டி. எனக்கு முடியாமல் இல்லை. பட்டறையில் நாளெல்லாம் முட்டி போட்டு வேலை செய்பவன் நான். முந்தின நாள் நடந்த அசதி, கொஞ்சம் பசி, அவ்வளவுதான். வயதானவர்களோடு சேர்ந்து பக்கத்துப் படிக்கட்டில் நடந்து ஏறினேன். மேலே போய், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பரலோக மந்திரம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது கதவைத் திறந்தவள் நொண்டினாள். என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டேன். கட்டியிருந்த தமெய்ன் லுங்கியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"அங்க வெள்ளிக்கெழம காலையில நீங்க ஏறுற நேரத்துக்கு இங்க சாயங்காலம்ல? அந்த நேரம் பாத்து நானும் நம்ம கோயில் படியில ஏறினேங்க. நம்மளுக்கு ஏழு படிதானே, நாலு தரம் ஏறினேன். சிமெண்டு தரை, உரிச்சுவுட்டுருச்சு" என்று சிரித்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணா ஏறியிருக்கோம். இந்தத் தடவ குடுக்காமப் போயிருவாங்களா? உங்களுக்கு ரொம்ப வலிச்சுதா?"

"கொஞ்சம்" என்றேன்.

தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து என் முட்டியில் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். அங்கே ஒரு கீறலும் இல்லை. "பட்டற முட்டில்ல, காச்சுப் போயிருக்கு, அதான்" என்று காரணத்தையும் அவளே சொன்னாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அட்டை கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் முடிவுக்கும் நான் ஏறாத படிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று அலுவலக வாசலில் காத்து நின்றேன். வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டாள்.

"போகுதுங்க, விடுங்க. பாவம், உங்களத்தான் அவ்வளவு தூரம் அனுப்பி, வீணா முட்டி போட வச்சிட்டேன்."