கையில் தராத கம்மல்

போன வாரம் ஒரு சாயங்காலம், பீச் ரோட்டில் என் பழைய மொபெட்டை ஒரு போலீஸ்காரத் தம்பி கைகாட்டி நிறுத்தினார். லைசென்ஸ் கேட்பார் என்று பையைத் துழாவினேன். அவர் அதைக் கேட்கவில்லை. சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவியை என் வாய்க்கு நேரே நீட்டி, "ஊதுங்க தாத்தா" என்றார். எண்பதை நெருங்கும் கிழவனையும் விட்டுவைக்காத கடமை உணர்ச்சி! பின்னால் நின்ற இளவட்டங்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சட்டென்று மூக்கில் சாராய வாடை அடித்தது. நான் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. நீங்களாவது இதை நம்புங்கள். அந்த வாடை நான் கொழும்பில் இருந்தபோது என் சட்டையில் ஏறியது. சட்டை மக்கிப் போய் எத்தனையோ காலமாகிறது, வாடை மட்டும் போகவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. எங்கள் கடற்கரைப் பையன்களுக்குக் கொழும்பு என்பது வெளிதேசமாகவே தோன்றாது. பாய்மரத் தோணியில் வெங்காய மூட்டைக்கு மேல் ஏறிப் படுத்துக்கொண்டால், காற்று ஒழுங்காக இருந்தால், கொண்டுபோய் இறக்கிவிடும். நானும் அப்படித்தான் போனேன். போகிற வழியெல்லாம் வாந்தி. "கடக்கரையில பொறந்தவனாலே நீ?" என்று தோணிக்காரர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்குப் பயந்தே ஊர் திரும்பும் ஆசையைத் தள்ளிப் போட்டேன். கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டையில் எங்கள் ஊர் நாடார் அண்ணாச்சி ஒருவரின் வெங்காயக் கடையில் வேலை. காய்ந்த வெங்காயச் சருகும் மிளகாய் வற்றல் நெடியும் கலந்த காற்றில்தான் எனக்கு மீசை முளைத்தது.

தோணிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை உங்களுக்கு விளங்காது. கொழும்பிலிருந்து வீட்டுக்கு எது அனுப்பினாலும் தோணிக்காரன் கையில்தான் கொடுப்போம். துணியானாலும் சரி, தங்கமானாலும் சரி. எழுத்தும் கிடையாது, ரசீதும் கிடையாது. தோணியின் தலைவனுக்குத் தண்டல் என்று பேர். அவர் முன்னால் வைத்து "இந்தா, பிடி" என்று கையில் கொடுத்தால் போதும். தோணி கவிழ்ந்தாலும் அதை வாங்கினவன் குடும்பம் கொடுத்தாக வேண்டும். கையில் கொடுத்தது காணாமல் போனதாக எங்கள் கடற்கரையில் நான் கேள்விப்பட்டதே இல்லை. பொருளோடு வீட்டுச் செய்தியையும் அவர்கள்தான் கொண்டுபோவார்கள். தோணி கரை சேர்ந்ததும் பெண்கள் எல்லாம் மணலில் வந்து நிற்பார்கள். எங்கள் அம்மாவும் நிற்பாள். தோணிக்காரன் வாயில் வந்தது வேதவாக்கு.

அப்பா முத்துக் குளித்தவர். அவர் காலத்தில் அரசாங்கம் எப்போதாவது ஒரு முறைதான் முத்துக்குளிப்புக்கு ஏலம் விடும். மற்ற நாளெல்லாம் சங்கு எடுக்கப் போவார், வந்து குடிப்பார். குடித்துவிட்டு, "ஏளா, சத்தியமா நான் குடிக்கலளா" என்று அம்மா தலையில் அடிக்காத சத்தியம் இல்லை. வீட்டுப் பித்தளை எல்லாம் சாராயக் கடைக்குப் போயிற்று. ஆனால் தன் பங்குச் சிப்பியில் கிடைத்த இரண்டு முத்துக்களை மட்டும் அவர் விற்கவில்லை. நல்ல உருண்டை, பாலில் லேசாக மஞ்சள் கலந்த நிறம். "இது ரோசம்மா காதுக்கு" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்திருந்தார். ரோசம்மா என் தங்கை. சாகும் வரைக்கும், கைநடுக்கம் வந்து தவித்த நாளில்கூட, அந்த இரண்டையும் அவர் கேட்கவில்லையாம். அப்பாவைப் பற்றி அம்மா பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

ரோசம்மாவுக்குப் பெரியதாழையில் மாப்பிள்ளை அமைந்ததும், அம்மா அந்த முத்துக்களைத் தோணியில் எனக்கு அனுப்பினாள். கொண்டுவந்து கொடுத்தவன் சூசை. தோணியில் வேலை பார்க்கிறவன், எங்கள் தெருக்காரன், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன், கோயிலில் பாட்டுப் பாடுகிறவன். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எனக்குக் கொழும்பில் கண்ணும் காதும் அவன்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவில் தங்கம் வாங்கி, முத்துக்களைக் கம்மலாகக் கட்டச் சொன்னேன். ஆசாரி கம்மலை என் கையில் கொடுத்த அன்று நான் கடைக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சூசை கடைக்கு வந்தான். அவன் தோணி ஊருக்குக் கிளம்ப இருந்தது. அங்கேயே கொடுத்துவிடப் போனேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இங்கன வேண்டாம்லே. தண்டல் முன்னால குடு, அதான் மொறை" என்றான். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தபடி, "அண்ணாச்சி, நீங்களும் பாத்துக்கிடுங்க. இன்னும் எங் கையில தரல" என்றான்.

இவ்வளவு நேர்மையான பிள்ளையா என்று நான் பூரித்துப் போனேன். அண்ணாச்சியும் சிரித்தார். இரண்டு பேரும் துறைமுகத்துக்கு நடந்தோம். கம்மல் ஒரு சுருக்குப்பையில், பை என் இடுப்பில்.

புறக்கோட்டைத் தெருவின் நெரிசல் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மாட்டுவண்டி, கைவண்டி, கூவி விற்கிறவன், மூட்டை தூக்குகிறவன். நடுவில் ஒருவன் போத்தலும் கையுமாகத் தள்ளாடி வந்து என் மேல் விழுந்தான். கழுத்திலிருந்து வயிறு வரை சாராயம். கூட இன்னொருவன் வந்து, ஏதோ மன்னிப்புக் கேட்கிறாப்போல என் நெஞ்சைத் தட்டினான். சூசை தன் தோள்துண்டை எடுத்து என்னை அப்படித் துடைத்தான், இப்படித் துடைத்தான். அவர்கள் கூட்டத்தில் கரைந்த பிறகுதான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். பை இல்லை.

நான் அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். போலீசுக்குப் போக வேண்டும் என்று கத்தினேன். சூசை முதலில் தயங்கினான். நான் எழுந்து தனியாக ஓட ஆரம்பித்ததும், "நில்லுலே, ஒனக்குப் பாஷை தெரியுமா? நான் வந்து பேசுதேன்" என்று கூடவே வந்தான்.

ஸ்டேஷனில் ஒரு சார்ஜன் இருந்தார். வெற்றிலைச் சிவப்பு வாய், நல்ல தொந்தி. நான் தமிழில் அழுதுகொண்டே சொன்னேன், சூசை சிங்களத்தில் சொன்னான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் பத்து வார்த்தை சொன்னான். எனக்காக எவ்வளவு வாதாடுகிறான் என்று உருகினேன். சார்ஜன் எழுந்து வந்து என் சட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தார். களவு கொடுத்தவனை முகர்ந்து பார்ப்பது அந்த ஊர்ச் சட்டம்போல என்று நினைத்து, வசதியாக நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன்! அவர் சிரித்தார். என் முதுகில் தட்டினார். வெறுந்தேத்தண்ணி, அதாவது பால் விடாத டீ, வாங்கிக் கொடுத்தார். விரலை ஆட்டி ஆட்டி ஏதோ நீளமாகச் சொன்னார்.

"கண்டுபிடிச்சுத் தாரேன்னு சொல்லுதாரு" என்றான் சூசை. நான் சார்ஜனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கடைக்குத் திரும்பியதும் அண்ணாச்சி மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சூசையின் தோணி மறுநாள் பாய் விரித்தது. கம்மல் போகவில்லை. கம்மலைப் பற்றிய செய்தி போனது.

மாதங்கள் போயின. போலீசிலிருந்து ஆள் வருவான் என்று ஒவ்வொரு நாளும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வெங்காயம் வாங்க வருகிறவர்களிடம் பேசிப் பேசிச் சிங்களம் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் அந்தச் சார்ஜனே கடைக்கு வந்தார். களவைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஓடினேன். அவர் வந்தது வெங்காயம் வாங்க. என்னை அடையாளம் கண்டு, "என்ன, குடியை விட்டுவிட்டாயா?" என்று கேட்டார்.

நான் குடிக்கிறவன் இல்லை என்றேன். அவர் பையைக் கீழே வைத்தார். "உன் சிநேகிதன் அன்றைக்குச் சொன்னானே. நீயே நகையை விற்றுக் குடித்துவிட்டாய், அம்மாவுக்குப் பயந்து களவு போனதாகப் புகார் கொடுக்க வந்திருக்கிறாய், எழுத வேண்டாம், புத்தி சொல்லி அனுப்புங்கள் என்றானே. உன் மேலே வாடையும் அடித்ததே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, "உன் ஊர்க்காரன்தானே அவன்? ஏன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்டார்.

அண்ணாச்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பனமரத்தடியில பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னுதாம்லே சொல்லுவானுவ. நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லி, அவர் கையாலேயே எனக்குச் சாப்பாடு போட்டார். இந்தக் கதையில் என்னை நம்பியது அவரும் அந்த வெளிதேசத்துப் போலீசும்தான். அன்றைக்குத்தான் சூசை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. கையில் வாங்கினால் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். ஆகவே, அவன் கைக்கு வருமுன்னே அது தொலைய வேண்டியிருந்தது.

அடுத்த தோணியிலேயே ஊருக்கு வந்தேன். அந்தப் பயணத்தில் வாந்திகூட வரவில்லை, அவ்வளவு கோபம். மணலில் அம்மா நின்றாள். எப்போதும் உச்சிமோந்து கொஞ்சுகிறவள், அன்று என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாயருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தாள். சார்ஜன் முகர்ந்த மாதிரியே. வீட்டில் ரோசம்மா இல்லை. கல்யாணம் முடிந்து பெரியதாழைக்குப் போய்விட்டிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"குடிச்சிட்டு வந்து மாப்பிள வீட்டுக்காரங்க முன்னால நிப்பியோன்னு பயந்துட்டேன்யா" என்றாள் அம்மா.

நடந்ததையெல்லாம் சொன்னேன். சார்ஜன் சொன்னதையும் சொன்னேன். சத்தியம் பண்ணினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் இல்லை, அப்பாதான் இருந்தார்.

"ஒங்கப்பாவும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவாரு. ஆனாலும் அவரு அந்த ரெண்டு முத்த மட்டும் குடிக்கல. நீ அதையும் குடிச்சிட்டியே, எய்யா."

நேரே கடற்கரைக்குப் போனேன். தோணியைக் கரையேற்றிப் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்கள். சூசையும் இருந்தான். சட்டையைப் பிடித்தேன். அவன் பதறவே இல்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏலே, எங் கையில தந்தியா? தண்டல் முன்னால தந்தியா? தந்தேன்னு சொல்லு, இப்பவே தாரேன்" என்றான். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். தரவில்லை என்றுதான் நான் சொல்ல முடியும். அப்படியானால் பேச்சு முடிந்தது என்று தண்டல் பஞ்சு அடைக்கத் திரும்பிவிட்டார். எத்தனை பேர் பொருளைக் காத்த முறை அது! என்னைக் கவிழ்க்கவும் அதே முறைதான் உதவியது. சூசைதான் எடுத்தான் என்று கோர்ட்டில் நான் சத்தியம் பண்ண முடியாது. என் வாயை அடைத்தவன் அவன் என்று எங்கேயும் சொல்வேன்.

அதன்பிறகு சில வருஷம் மாதா கோயில் திருவிழாவில் சப்பரத்தைப் பார்க்காமல் பொம்பிளைகள் காதையே பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த மஞ்சள் முத்து எங்காவது தெரிகிறதா என்று. தெரியவில்லை. குடிகாரன் என்ற பேரோடு, பெண்களை முறைக்கிறவன் என்ற பேரும் சேர்ந்ததுதான் மிச்சம். எனக்குப் பெண் கொடுக்க எத்தனை பேர் யோசித்தார்கள் என்று என் மனைவி இருந்தவரை சொல்லிக் காட்டுவாள்.

நான் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் அம்மா முகர்வாள். வாடை இல்லை என்றால், இன்றைக்குக் குடிக்கவில்லை என்று சந்தோஷப்படுவாளே தவிர, என்றைக்கும் குடித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே தொட மாட்டேன்னு சொல்லுய்யா" என்றாள். பக்கத்தில் ரோசம்மா வெறும் காதோடு உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செய்வேன்? "தொட மாட்டேம்மா, விட்டுட்டேன்" என்றேன். தொடாததை விட்டேன். மகன் திருந்திவிட்டான் என்ற நிம்மதியோடு அம்மா கண்ணை மூடினாள்.

பாய்மரத் தோணிகள் போய்விட்டன. இன்று இருக்கிற தோணிகளில் இயந்திரம் ஓடுகிறது. ஒருவர் கையில் ஒருவர் பொருளைக் கொடுத்து "இந்தா, பிடி" என்று சொன்ன காலம் போயிற்று. சூசையும் போய்விட்டான். அம்மா கல்லறைக்கு நாலைந்து கல்லறை தள்ளித்தான் கிடக்கிறான்.

போலீஸ்காரத் தம்பியின் கருவியில் பலம் கொண்ட மட்டும் ஊதினேன். அவர் பார்த்துவிட்டு, "போங்க தாத்தா" என்று கையை அசைத்தார். நான் போகவில்லை.

"என்ன காட்டுதுன்னு வாயால சொல்லுங்க தம்பி."

"ஒண்ணும் இல்ல தாத்தா. சுத்தமா இருக்கு."

"கொஞ்சம் சத்தமா."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சத்தமாகவே சொன்னார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தோணி வரும் நாளில் அம்மா வந்து நிற்கும் மணல் அங்கேதான் இருந்தது. இப்போது ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது.