நைனாவும் மெட்ராஸ் வெயில்ல ஓடுன ஹீட்டரும்

நைனா போயிட்டார்.

காலைல அவர் பேத்தி போன் பண்ணிச்சு. "தாத்தா தூக்கத்துலயே போயிட்டாரு ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு, கொஞ்சம் தயங்கி, "நீங்கதானே அந்த ஹீட்டர் ஆன்ட்டி?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மா... நானேதான்.

இங்க இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. எழுபதுகள்ல லஸ் பக்கம் ஒரு சந்துல ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வச்சிருந்தார். டைனமோ, ஹாரன், செல்ஃப் மோட்டார்... லாரில எது உயிரை விட்டாலும் அவர்கிட்டதான் வரும். வர்றவங்க எல்லாரையும் நைனான்னு கூப்பிடுவார், அதனால அவரும் எல்லாருக்கும் நைனா.

எனக்கு அப்போ பதினஞ்சு. நானும் கோமளாவும் ஸ்கூல் விட்டு அந்தக் கடையைத் தாண்டித்தான் வரணும். லஸ் கார்னரை லூஸ் கார்னர் ஆக்குனதே நாங்க ரெண்டு பேர்தான்.

தார் உருகுற வெயில்ல போய் நிப்போம். "நைனா, ரொம்பக் குளிருது... ஹீட்டர் கீதா?"

"இருந்த ஒண்ணையும் மேல மாட்டி வுட்டேன் பாப்பா"ன்னு சூரியனைக் காட்டுவார்.

ஏப்ரல்ல ஒரு நாள் கொஞ்சம் ஓவரா போயிட்டோம். அடையார் பாலத்தாண்ட ஒரு வடநாட்டு லாரி நிக்குது, ஹீட்டர் ஓடல, டிரைவர் ஜுரத்துல நடுங்குறார்னு சொன்னேன். எஃபெக்ட்டுக்குக் கொஞ்சம் அழுதேன் வேற.

மனுஷன் கடையைச் சாத்திட்டு, டூல்ஸ் பையை மாட்டிக்கிட்டு, அந்த வெயில்ல அடையார் வரைக்கும் சைக்கிள் மிதிச்சார்.

திரும்பி வந்து திட்டவே இல்ல. சட்டையைப் பிழிஞ்சுகினே சொன்னார்: "டிரைவருக்கு ஜொரம் வுட்டுடுச்சாம் பாப்பா. கவலைப்படாத."

அந்த வருஷமே மார்கழில எனக்கு நல்லா வச்சான் ஆண்டவன்.

எங்க அப்பா மிலிட்டரி ஏலத்துல எடுத்த பழைய லாரி ஒண்ணு ஓட்டிக்கிட்டிருந்தார். ஊட்டிக்குப் போய் கேரட், முட்டைக்கோஸ் ஏத்திட்டு வருவார். பனிப் பிரதேசத்துக்குன்னு செஞ்ச வண்டி, அதனால நெஜமாவே அதுல ஹீட்டர் இருந்துச்சு. அதோட ஃபேன்தான் சூடான காத்தை முன்கண்ணாடி மேல ஊதும்.

அந்த ஃபேன் நின்னு போச்சு. மலைல கண்ணாடி பூரா பனி மூடி, அப்பா தலையை வெளிய நீட்டியே எறங்கி வந்திருக்கார். ஒரு வளைவுல முன்சக்கரம் ரோட்டை விட்டே எறங்கிடுச்சாம்.

அம்மா சாப்பாடு போட்டுக்கிட்டே கேட்டாங்க, "நாளைக்கு மறுபடி போகணுமா?"

"போய்த்தான் ஆகணும்"னார் அப்பா. அம்மா நெறைஞ்ச தட்டு மேலயே மறுபடி குழம்பு ஊத்தினாங்க. நான் எழுந்து ஓடினேன்.

"நைனா, ஹீட்டர் ஃபேன் ஓடல."

"எந்தப் பாலத்தாண்ட நிக்குது?"

"நெஜமா நைனா. எங்க அப்பா வண்டி."

"அன்னிக்கும் நெஜம்தான்னு சொன்ன. அழுதுகினு வேற சொன்ன."

இப்போ நெஜமாவே அழுகை வந்துச்சு. என்ன பண்றது... அந்த அழுகையை நான் ஏப்ரல்லயே செலவு பண்ணிட்டேனே.

வீட்டுக்கு ஓடி, அப்பா கழட்டி வச்சிருந்த பார்ட்டை ஜியாமெட்ரி பாக்ஸ்ல போட்டுக் கொண்டு வந்தேன். பீங்கான் துண்டு மேல சுத்துன கம்பிச்சுருள், ஃபேனுக்குக் கரண்ட் போற வழி. ஏற்கெனவே அதே பாக்ஸ்ல அவருக்குக் கரப்பான்பூச்சி பார்சல் கொடுத்திருக்கேன். அதனால தள்ளி நின்னு ஸ்க்ரூ டிரைவராலதான் தொறந்தார்.

எடுத்து மோந்து பார்த்தார். முகம் மாறிடுச்சு.

"கருகி அறுந்து கீது. உங்க நைனா எப்போ கெளம்புறாரு?"

"காலைல."

"இது புச்சு இந்த ஊர்ல எவன் விப்பான்..."

கடை மூலைல டீ போட ஒரு கரண்ட் அடுப்பு வச்சிருந்தார். அதோட காயில்ல ஒரு துண்டு வெட்டி எடுத்து, அந்தப் பீங்கான் மேலயே சுத்தினார். "சுருள் கொறஞ்சா அடுப்பு சூடு ஏறும். இனிமே டீ சுருக்கா கொதிக்கும். லாபந்தான்."

அன்னிக்கே மத்தியானம் ரெண்டு மணி. எங்க வாசல்ல லாரி. பார்ட்டை மாட்டி, எஞ்சினைப் போட்டு, கண்ணாடியெல்லாம் ஏத்தி, என்னைக் கூப்பிட்டார்.

"ஏறி ஒக்காருமே. தெனம் குளிருதுன்னியே."

மெட்ராஸ் வெயில்ல, மூடுன கேபின்ல, ஃபுல் ஹீட்டர்... பழிவாங்குறார்னு நெனச்சேன். பார்த்தா, அவரும் பக்கத்துலயே ஏறிட்டார்.

வெளிய கோமளா. சோடாக் கடை ஐஸ்கட்டியை முன்கண்ணாடில தேய்க்கச் சொல்லியிருந்தார். எங்க வேர்வை ஆவியெல்லாம் அந்தக் குளிர்ச்சில படிஞ்சு கண்ணாடி வெள்ளையா மூடிக்கிச்சு. கோமளா காணாமப் போயிட்டா.

நைனா ஃபேன் ஸ்விட்சைத் தட்டினார். கர்ருனு ஒரு சத்தம். அப்புறம் ஊத ஆரம்பிச்சுது.

கண்ணாடில கீழேருந்து ஒரு வட்டம் தெளிஞ்சுது. முதல்ல கோமளாவோட தாவாங்கட்டை. அப்புறம் நீட்டுன நாக்கு. அப்புறம் முழு மூஞ்சி. அவ பின்னாடி, வாசப்படில, எங்க அம்மா.

ரெண்டு பேரும் தொப்பல். எறங்கலாம்னேன். "இரு, காயில் தாங்குதான்னு பாக்கணும். மலை மேல போறது உங்க அப்பாரு"ன்னு இன்னும் கால் மணி நேரம் உக்காந்திருந்தார்.

நாலாம் நாள் அப்பா வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி லாரியை அந்தச் சந்துல நிறுத்தி ஹாரன் அடிச்சாராம். அதுக்கப்புறம் எத்தனையோ மார்கழி அந்த மலைய ஏறி எறங்கினார்.

இன்னிக்கு மத்தியானம் போயிருந்தேன். ஃப்ரீசர் பெட்டிக் கண்ணாடி பூரா பனி. ஆள் யாருன்னே தெரியல. பேத்தி ஒரு துண்டு கொடுத்துச்சு.

தொடச்சேன். முகம் தெரிஞ்சுது.

"இன்னா நைனா... குளிருதா?"ன்னு மெதுவாத்தான் கேட்டேன். பேத்திக்குக் கேட்டுடுச்சு. அழுதுகினு இருந்த பொண்ணு சிரிச்சிடுச்சு.

கோமளா, இதைப் பார்த்தா போன் பண்ணுடி.

போய்ட்டு வா நைனா.