ஒரே வாரத்தில் வெட்டிய கொடிகள்

கணிதப் பொருளாதாரம் என் தொழில். சமன்பாடு போட்டே சந்தை விலையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர். எங்கள் கம்பம் ஊரில் செல்போன் பரவத் தொடங்கிய சமயம், பக்கத்துத் தோட்டத்துப் பேச்சியம்மா அக்கா கேட்டார்: "தம்பி, திராட்சைக்கு எப்பக் கவாத்து வெட்டுனா நல்ல வெல கெடைக்கும்?"

பழைய விலைகளை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு நாளைச் சொன்னேன். அக்கா அதை ஊருக்கே சொல்லிவிட்டார். "படிச்சவுக சொன்னாக" என்று அத்தனை பந்தலிலும் அதே வாரம், புதுத் துளிர் விட்டுக் காய்க்க, கொடியை வெட்டினார்கள். நான்கு மாதம் கழித்து எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுத்தது. வியாபாரிகள் கேட்ட விலை பறிகூலிக்குக்கூடக் காணவில்லை. பாதிப் பழம் பந்தலிலேயே அழுகியது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா ஒரு குலையைப் பறித்துக் கையில் கொடுத்தார். "சாப்பிடுங்க தம்பி, பழம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"இனிமே ஆளுக்கொரு மாசமாத் தள்ளித் தள்ளி வெட்டுங்கக்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். "அப்பிடித்தான தம்பி வெட்டிக்கிட்டு இருந்தோம். நீங்க சொன்னீகன்னுதான விட்டோம்."

பழம் அவ்வளவு இனிப்பு. மீதிக் குலையைக் கையில் வைத்தபடி என் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் சமன்பாட்டில் மழை இருந்தது, பண்டிகை இருந்தது. என்னை நம்பி வெட்டப்போகிறவர்களை மட்டும் நான் சேர்க்கவே இல்லை.